ஒற்றைக்கயிற்றில் மரம் ஏறுதல்: இரட்டைக்கயிற்றுக்காரன் எங்கிருந்து தொடங்குவது?

கொம்பேறி (சுங்கை சிப்புட்)

வணக்கம். கிளை கழிப்பது, ஆபத்தான மரங்களை இறக்குவது என்று சிறு குத்தகைகள் எடுக்கும் ஒருவரிடம் வேலை செய்கிறேன். தோட்டத்துப் பழைய பங்களா வளாகங்களில் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள், கோயில் அரசமரம், தாமான் (குடியிருப்பு) ஓரத்து அங்சானா, பள்ளித் திடல் மரங்கள். இவைதான் எங்கள் பிழைப்பு.

இதுவரை இரட்டைக்கயிற்றில்தான் ஏறுகிறேன். கயிறு கவட்டையைச் சுற்றி வந்து என் இடுப்பிலேயே முடிகிறது. பிளேக் முடிச்சை (தள்ளினால் நகரும், எடை விழுந்தால் கயிற்றைப் பிடிக்கும் முடிச்சு) தள்ளித் தள்ளி மேலே போகிறேன். உயரம் குறைந்த மரத்தில் சிரமமில்லை. தோட்டத்து எல்லையில் நெருக்கமாக வளர்ந்து நெடுநெடுவென்று போன மரங்களில்தான் பிரச்சினை. மேலே போய்ச் சேரும்போது கை ஓய்ந்துவிடுகிறது. அதன்பிறகுதான் செயின்சாவையே எடுக்க வேண்டும்.

காணொளிகளில் வெளிநாட்டு மரமேறிகள் ஒற்றைக்கயிற்றில் படிக்கட்டு ஏறுவதுபோல் காலால் நடந்து போகிறார்கள். எனக்கும் அதைக் கற்க ஆசை. மூன்று கேள்விகள். முதலில் எந்தச் சாதனத்தை வாங்குவது? கயிற்றை அடிமரத்தில் கட்டுவதா, உச்சியில் கட்டுவதா? பேராக் மாநிலத்தில் (மலேசியா) நேரில் சொல்லித்தர யாராவது இருக்கிறார்களா? முதலாளி காசு தரமாட்டார். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆணிவேர் (ஈப்போ)

தம்பி, வாங்குவதைப் பிறகு பார்ப்போம். முதலில் இரண்டு முறைகளுக்கும் என்ன வேறுபாடு என்பது கையில் பிடிபட வேண்டும்.

இரட்டைக்கயிற்றில் கயிறு நகர்கிறது. ஒரு மீட்டர் உயர நீ இரண்டு மீட்டர் கயிறு இழுக்கிறாய். அதற்குச் சலுகையாகப் பாதி எடையை இழுத்தால் போதும். ஆனால் இது காகிதத்தில் உள்ள கணக்கு. தூங்குமூஞ்சியின் சொரசொரப்பான பட்டையில் கயிறு உரசும்போது அந்தச் சலுகையில் நல்ல பங்கு உரசலுக்கே போய்விடும். உன் கை ஓய்வதற்குக் காரணம் அதுதான். கவட்டையில் உரசல் தடுப்பு வளையம் போட்டுக்கொண்டால் பாதித் தொல்லை இன்றைக்கே குறையும். அதற்காக ஒற்றைக்கயிற்றுக்கு மாறத் தேவையில்லை.

ஒற்றைக்கயிற்றில் கயிறு அசையாது, நீதான் அதன்மேல் ஏறுகிறாய். முழு எடையையும் தூக்க வேண்டும். ஆனால் தூக்குவது தொடையும் குதிகாலும். ஒரு காலணியில் கால் அசெண்டர் (கயிற்றில் மேலே நகரும், கீழே வழுக்காத பற்பிடி), மற்ற முழங்காலுக்கு மேலே ரப்பர் நாடாவால் இழுபடும் முழங்கால் அசெண்டர். இடது, வலது என்று மாறி மாறி மிதித்தால் உடல் தானாக உயர்கிறது. கை சும்மா கயிற்றைப் பிடித்துச் சமநிலை பார்த்துக்கொள்கிறது. இது மரமேறிகள் கண்டுபிடித்த வித்தை இல்லை, குகை ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. கார்ல் புருசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி 1931-இல் கயிற்றில் ஏறும் முடிச்சை வெளியிட்டார். 1958-இல் சுவிட்சர்லாந்தில் ஜூமார் என்ற கைப்பிடி அசெண்டர் வந்தது. ஆழமான கிணற்றுக் குகைகளில் இறங்கித் திரும்பி ஏறக் குகை ஆய்வாளர்களுக்கு வேறு வழியில்லை. மரத்துக்கு இது மெதுவாகத்தான் வந்தது.

காரணம் சிக்கலானதில்லை. குகைக்காரன் இறங்குவான், ஏறுவான், அவ்வளவுதான். மரமேறி ஒரு சாண் ஏறி, இரண்டு சாண் இறங்கி, கிளை நுனிக்கு நடந்து, மறுபடி ஏறி என்று நாள் முழுவதும் இரு திசையிலும் போய் வருகிறான். அசெண்டரின் பல் மேலே மட்டும்தான் விடும், கீழே விடாது. ஒற்றைக்கயிற்றில் வெறும் பிளேக் முடிச்சையோ புருசிக்கையோ போட்டால் உன் முழு எடையும் அதில் விழுந்து இறுகிக்கொள்ளும். பிறகு அவிழாது. வலிந்து அவிழ்த்தால் சடாரென்று வழுக்கும், நார் உருகும்.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் கெவின் பிங்காம் என்ற அமெரிக்க மரமேறி. அவர் உருவாக்கிய ரோப் ரெஞ்ச் முடிச்சுக்கு மேலே உட்காரும் சிறிய கருவி. கயிற்றை லேசாக வளைத்து நெரித்து எடையில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்கிறது. மீதிதான் முடிச்சுக்கு. அதனால் முடிச்சு இறுகாமல், விரலால் தொட்டால் இளகுகிறது. ஏறவும் இறங்கவும் ஒரே அமைப்பு. அதற்குப் பிறகு முடிச்சே இல்லாத இயந்திரக் கருவிகளும் வந்துவிட்டன. நீ பிளேக் முடிச்சுக்குப் பழகியவன், ரோப் ரெஞ்ச்தான் உனக்கு அருகில் உள்ள படி.

அடியா உச்சியா என்பதை இரவு எழுதுகிறேன். வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

லயத்துக்காரன் (பத்து காஜா)

எங்கள் காலத்தில் தென்னை ஏற ஒரு தளைநார் போதும். இப்போது கருவி, கருவிக்குக் கருவி. மரத்தை விடச் சாமான் கனமாக இருக்கும் போலிருக்கிறது.

ஆணிவேர் (ஈப்போ)

ஐயா, தளைநாரில் ஏறியவர் தேங்காயைப் பறித்துப் போட்டுவிட்டு இறங்கினார். ஓடும் செயின்சாவை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு கிளை நுனிக்கு நடக்கவில்லை.

லயத்துக்காரன் (பத்து காஜா)

சரி, ஒப்புக்கொள்கிறேன். எழுதுங்கள், படிக்கிறேன். வேலையில் இருந்து ஓய்ந்தவனுக்கு வேறென்ன பொழுதுபோக்கு.

வளவன் (கிள்ளான்)

நான் மரக்காரன் இல்லை. உயர்மாடிக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பவன், சாயம் அடிப்பவன். எங்கள் துறையில் கயிறு ஒன்றுதான் என்று சொன்னால் தளத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். வேலைக்கயிறு ஒன்று, காவல்கயிறு ஒன்று, இரண்டும் தனித்தனி நங்கூரத்தில். ஒன்று அறுந்தால் மற்றொன்று. நீங்கள் அறுக்கும் கருவியோடு மேலே போகிறீர்கள், அதுவும் ஒரே கயிற்றில். எப்படி மனம் துணிகிறது என்று உண்மையாகவே கேட்கிறேன்.

ஆணிவேர் (ஈப்போ)

நல்ல கேள்வி, வளவன். பலர் இதில் குழம்புகிறார்கள்.

ஒற்றைக்கயிற்று முறை என்றால் மேலே ஏறும் முறையைத்தான் சொல்கிறோம், ஒரே பிடிமானத்தில் வேலை செய்வதை இல்லை. அறுக்கும் இடத்துக்குப் போனதும் இரண்டாவது பிடிமானம் கட்டாயம். எஃகு வடம் உள்ளே ஓடும் லேன்யார்டை (இடுப்பை மரத்தோடு இணைக்கும் குட்டைக் கயிறு) மரத்தைச் சுற்றிப் போட்ட பிறகுதான் செயின்சாவை இயக்க வேண்டும். கைரம்பத்துக்கும் அதே விதி. கைரம்பம் இழுபட்டுக் கயிற்றில் பட்டால் இறுக்கத்தில் இருக்கும் கயிறு வெண்ணெயாகப் பிரிந்துவிடும்.

உங்கள் துறையின் எண்ணம் எங்கள் துறைக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது. 2019-இல் பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு ஆணையம், மரமேறிகளும் இரு தனி நங்கூரங்களில் இரு கயிறுகளோடு ஏறுவதையே வழக்கமாக்க வேண்டும் என்று அங்குள்ள மரத்துறைக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அங்கே பெரிய சண்டையே நடந்தது. இரண்டு கயிறும் கிளைகளுக்கிடையே பின்னிக்கொள்ளும், நேரம் பிடிக்கும் என்று பழையவர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. என் கருத்தைக் கேட்டால், பட்டுப்போன கிளைகள் நிறைந்த மரத்தில் இரண்டு கயிறு போடுவதற்கு நேரமில்லை என்பவனுக்கு அந்த மரத்தில் ஏறவும் நேரமில்லை என்றுதான் சொல்வேன்.

கொம்பேறி (சுங்கை சிப்புட்)

ஆணிவேர் அண்ணன், அடிக்கட்டு பற்றி எழுதுவதாகச் சொன்னீர்கள். எங்களோடு வேலை செய்த ஒருவர் அடிமரத்தில் கட்டினால் போதும், அதுதான் சுலபம் என்கிறார். எறிகயிறு (எறிபையில் கட்டி வீசி, ஏறுகயிற்றை மேலே இழுக்கும் மெல்லிய கயிறு) எந்தக் கிளைமேல் விழுந்தாலும் பரவாயில்லை, மறுமுனையைக் கீழே கட்டிவிட்டு ஏறலாம் என்கிறார். சரிதானா?

ஆணிவேர் (ஈப்போ)

பாதி சரி. அந்தப் பாதிதான் ஆளைக் கொல்லும்.

உன் எடை 80 கிலோ, ஹார்னஸ் (உடலில் மாட்டும் வார்ப்பட்டை), செயின்சா, மற்ற சாமான்கள் 10 கிலோ என்று வைத்துக்கொள். உச்சியிலேயே கட்டினால் கவட்டையில் விழும் சுமை 90 கிலோ. கயிறு கவட்டையைத் தாண்டி மறுபுறம் இறங்கி அடிமரத்தில் கட்டப்பட்டால், நீ ஒரு பக்கம் 90 கிலோவோடு தொங்க, மறுபக்கக் கயிறும் ஏறத்தாழ அதே அளவு இழுத்துக்கொண்டு நிற்கிறது. கவட்டைக்கு 180 கிலோவுக்கு அருகில். பட்டையின் உரசல் கொஞ்சம் குறைக்கும், ஆனால் நீ காலால் துள்ளித் துள்ளி ஏறும்போது அது மறுபடி கூடும். ஆகவே அடிக்கட்டுக்குக் கவட்டை இருமடங்கு உறுதியாக இருக்க வேண்டும். எந்தக் கிளையில் விழுந்தாலும் பரவாயில்லை என்பது இந்த இடத்தில் உடைகிறது.

ஆனால் அடிக்கட்டில் ஒரு நன்மையும் உண்டு. கயிறு இரண்டு மூன்று கவட்டைகள்மேல் ஏறி இறங்கிப் போனால் சுமை பங்கிடப்படுகிறது. ஒன்று ஒடிந்தாலும் அடுத்தது பிடிக்கும் வாய்ப்பு உண்டு. விழும் தூரம் இருக்கும், வலிக்கும், ஆனால் தரைவரை போகாமல் இருக்கலாம். உச்சிக்கட்டில் ஒரே கவட்டைதான், அது போனால் எல்லாம் போகும்.

இன்னொரு நன்மையைப் பலர் மறக்கிறார்கள். அடிக்கட்டைச் சாதாரண முடிச்சாகப் போடாமல், எட்டு வடிவ இறக்கியோடு (கயிற்றை உரசலால் மெல்ல விடும் கருவி) பூட்டிப் போட்டால், மேலே ஒருவன் மயங்கினால் கீழே நிற்பவன் பூட்டை அவிழ்த்து அவனை மெல்ல இறக்கலாம். இதற்குக் கயிறு நீளமாக இருக்க வேண்டும். 20 மீட்டர் உயரக் கவட்டைக்கு ஏறப் போக வரவே 40 மீட்டர் ஆகிவிடுகிறது. ஆள் இறங்க இறங்க அடிக்கட்டின் பின்னாலிருந்து இன்னொரு 20 மீட்டர் மேலே போக வேண்டும். ஆக 60 மீட்டருக்கு மேல். 45 மீட்டர் கயிற்றை வாங்கிவிட்டு மீட்பு அமைப்பும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. மேலே இருப்பவன் லேன்யார்டை மரத்தைச் சுற்றிப் போட்டிருந்தால், கீழிருந்து எவ்வளவு கயிறு விட்டாலும் அவன் அசையமாட்டான். செயின்சா வெட்டு விழும் நேரம் லேன்யார்டு போட்டிருக்கும் நேரம்தான். ஆகவே கீழிருந்து இறக்கலாம் என்பது ஒரு கூடுதல் வசதி. மேலே ஏறி ஆளை இறக்கத் தெரிந்த இரண்டாவது மரமேறி தளத்தில் இருந்தே ஆக வேண்டும்.

கடைசியாக, அடிக்கட்டுக் கயிறு தரைவரை நீள்கிறது. மேலே நீ எவ்வளவு கவனமாக இருந்தாலும் கீழே ஒருவன் புல்வெட்டி இயந்திரத்தோடு வருவான். இந்த மாநிலத்தில் ஒரு தளத்தில் அப்படி அடிக்கயிறு பாதி அறுபட்டதைக் கண்ணால் பார்த்தேன். உறை கிழிந்து உள்நார் வெள்ளையாகத் தெரிந்தது. நல்ல வேளையாக மேலே இருந்தவர் அப்போது கிளைமேல் நின்றுகொண்டிருந்தார், கயிற்றில் எடை இல்லை. அதற்குப் பிறகு அந்தக் குழுவில் அடிமரத்தைச் சுற்றிச் சிவப்புக் கூம்புகள் வைத்து, ஆள் உயரத்துக்கு மேலேதான் கட்டுகிறார்கள். அறுத்து விழும் கிளையும் அந்தக் கயிற்றின் பக்கமாக விழக்கூடாது.

முசுறு (தைப்பிங்)

உச்சிக்கட்டு ஆதரவாளன் ஒருவன் கையைத் தூக்குகிறேன். எறிகயிற்றைப் பொறுமையாக ஒரே கவட்டையில் தனிப்படுத்தி, ஆல்பைன் பட்டர்பிளை முடிச்சில் கயிற்றைச் செலுத்தி இறுக்கினால், கீழே யார் என்ன வெட்டினாலும் கவலையில்லை. நானே அரை மணி நேரம் எறிபையோடு மல்லுக்கட்டுவேன். அது செலவழித்த நேரம்தான், வீணான நேரம் இல்லை.

ஆணிவேர் (ஈப்போ)

மறுக்கவில்லை. வேலைக்கு உச்சிக்கட்டு, ஏறி மரத்தைப் பார்வையிட அடிக்கட்டு. நான் பெரும்பாலும் அடிக்கட்டில் ஏறி, மேலே கவட்டையைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, லேன்யார்டில் பாதுகாத்துக்கொண்டு உச்சிக்கட்டுக்கு மாற்றிக்கொள்கிறேன்.

வேம்படி (கோலாகங்சார்)

நான் ஊராட்சி மன்ற நிலவனப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். ஏறுவதில்லை. ஏறலாமா கூடாதா என்று கீழிருந்து சொல்வதுதான் என் வேலை. கயிற்றைப் பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள், மரத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதனால் வந்தேன்.

கொம்பேறி தம்பி, உங்கள் பக்கத்துத் தூங்குமூஞ்சிகள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கவட்டைகளில் எல்லாம் பறவைக்கூடு பெரணி குடியிருக்கும். கீழிருந்து பார்த்தால் பச்சைப்பசேலென்று, உயிருள்ள மரம்போலத் தெரியும். அந்தப் பெரணியின் வேர்க்கூடு பஞ்சுபோல் மழைநீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதற்கு அடியில் கிளை ஈரத்திலேயே கிடந்து இற்றுப்போயிருக்கலாம். எறிபை பெரணிமேல் விழுந்தால் கயிறு கிளையைத் தொடவே இல்லை, வேர்க்கூட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். எடை போட்டதும் கூடு பிய்ந்து கயிறு ஒரு முழம் கீழே இறங்கும். ஏறுகிறவனுக்கு அந்த ஒரு முழத்தில் உயிர் போய் வரும்.

தொலைநோக்கி எடுத்துக்கொண்டு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கவட்டையில் பட்டை உள்வாங்கி இறுகிய கோடு தெரிகிறதா, அடிமரத்தில் காளான் தட்டு முளைத்திருக்கிறதா, வேரைச் சுற்றி மண் பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்துப் பால்மரத்தில் (ரப்பர்) நங்கூரமே போடாதீர்கள். அதன் கிளைகள் காற்றில் ஒடிவதைத் தோட்டத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பத்தாய் மரமும் அப்படித்தான், வேகமாக வளரும், பொலபொலவென்று முறியும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரிவதில்லை. 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை வெட்டி வீழ்த்த உள்ளாட்சியின் எழுத்து அனுமதி வேண்டும். பட்ட மரம், உடனடி ஆபத்து போன்ற விலக்குகள் உண்டு. 0.8 மீட்டர் என்பது பெரிய மரம் இல்லை. நீங்கள் தொடும் மரங்கள் எல்லாமே அதற்குள் வரும்.

வேலையிடப் பாதுகாப்புக்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதிகபட்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக உயர்ந்தது. உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பினால் தொழிலாளி அந்த இடத்திலிருந்து விலகும் உரிமையும் எழுத்தில் வந்துவிட்டது. காசு தரமாட்டார் என்று சொன்னீர்களே, அந்த முதலாளியிடம் இந்த இரண்டையும் சொல்லிப் பாருங்கள். சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கொம்பேறி (சுங்கை சிப்புட்)

அக்கா, மிக்க நன்றி. பெரணி விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. சொக்சோ பற்றிக் கேட்கிறேன்.

லயத்துக்காரன் (பத்து காஜா)

வேம்படி அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் தோட்டத்தில் மரம் ஏறுகிறவர் முதலில் அடிமரத்தைக் கத்தியின் பின்புறத்தால் தட்டிவிட்டுக் காத்திருப்பார். முசுறு எறும்பு இறங்கி வருகிறதா, குளவி பறக்கிறதா என்று பார்ப்பார். இலைகளை ஒட்டித் தைத்த கூடு ஒன்று தெரிந்தால் வேறு கிளை. நீங்கள் கயிற்றில் கட்டுண்டு தொங்கும்போது குளவி வந்தால் எங்கே ஓடுவீர்கள்?

ஆணிவேர் (ஈப்போ)

ஐயா சொல்வது மிகப் பெரிய விஷயம். ஒற்றைக்கயிற்றுக்காரனுக்கு விடை: ஓடுவதற்கு ஒரே திசை, கீழ்த்திசை. அதனால்தான் கால், முழங்கால் அசெண்டர்களை ஒரே அசைவில் கழற்றிவிட்டு இறங்கப் பழக வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காணொளிகளில் இதைக் காட்டமாட்டார்கள். குகைக்காரர்கள் முறையில் மார்பு அசெண்டரும் கைப்பிடி அசெண்டரும் போட்டு ஏறினால், இறங்க வேண்டும் என்றதும் முதலில் கால்கண்ணியில் எழுந்து நின்று மார்பு அசெண்டரிலிருந்து எடையை எடுக்க வேண்டும். எடை இருக்கும்வரை அதன் பல் கயிற்றை விடாது. பிறகு இறக்கியை மாட்டி, பூட்டி, எடையை அதில் இறக்கி, கைப்பிடியைக் கழற்ற வேண்டும். அமைதியான நாளில் சில நிமிடம் பிடிக்கும். முகத்தில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தால் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யோசித்துக்கொள். ரோப் ரெஞ்ச் போன்ற அமைப்பில் அந்தத் தொல்லை இல்லை. முடிச்சும் கருவியும் எப்போதும் கயிற்றிலேயே இருக்கின்றன. கால் அசெண்டரை உதைத்துக் கழற்று, முழங்கால் அசெண்டரை விரலால் விடுவி, முடிச்சை இளக்கு, இறங்கு.

இறங்கும்போது விரையாதே. வேகமாக இறங்கினால் கருவி சூடாகும். நைலான் உறை பளபளவென்று கண்ணாடிபோல் இறுகிவிடும், அந்த இடம் பிறகு முடிச்சைப் பிடிக்காது. முடிச்சுக்கயிற்றுக்கு (முடிச்சைப் போடும் தனிச் சிறு கயிறு) அராமிட் நார் கலந்ததை வாங்கச் சொல்வது இதற்காகத்தான், அது சூட்டைத் தாங்கும்.

வளவன் (கிள்ளான்)

மழை? எங்களுக்கு மழை என்றால் வேலை நிறுத்தம். உங்களுக்கு?

முசுறு (தைப்பிங்)

தைப்பிங்காரனைப் பார்த்து மழையைப் பற்றிக் கேட்கிறீர்கள்! பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வரும், அதனால் ஏறும் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவோம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமாத்ராக் காற்று (சுமாத்ரா பக்கமிருந்து வரும் திடீர்ப் பலத்த காற்று) அடிக்கும். அது அடித்த நாளின் காலையில் எந்த மரத்திலும் ஏறாமல் முதலில் தொங்கும் முறிந்த கிளைகளைத் தேடுங்கள். நனைந்த கயிற்றில் முடிச்சின் பிடி மாறும். சிலருக்கு இறுகும், சிலருக்கு வழுக்கும், கயிற்றையும் முடிச்சுக்கயிற்றையும் பொறுத்தது. உங்கள் கயிறும் முடிச்சுக்கயிறும் சேர்ந்து எப்படி நடந்துகொள்கின்றன என்பதை ஒரு மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஊற்றிச் சோதித்துப் பாருங்கள்.

மின்கம்பி பற்றி யாரும் சொல்லவில்லை. ஈரக்கயிறு மின்சாரத்தைக் கடத்தும். கம்பி அருகில் இருந்தால் தேசிய மின்வாரியத்தைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். மூன்று மீட்டருக்குள் நீங்களோ கயிறோ அறுபட்ட கிளையோ போகக்கூடாது.

கொம்பேறி (சுங்கை சிப்புட்)

இணையச் சந்தையில் ஒரு முழுத் தொகுப்பு பார்த்தேன். ஹார்னஸ், கயிறு, கராபினர் (பூட்டும் கொக்கி வளையம்), அசெண்டர் எல்லாம் சேர்த்து நல்ல கருவி ஒன்றின் விலையில் பாதிதான். வாங்கலாமா?

முசுறு (தைப்பிங்)

வேண்டாம்.

வளவன் (கிள்ளான்)

வேண்டாம் என்பதை நானும் வழிமொழிகிறேன். ஒவ்வொரு பொருளிலும் தரக்குறி பொறிக்கப்பட்டிருக்கிறதா, தொடர் எண் இருக்கிறதா, தாளில் அந்த எண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். குறைந்த நீட்சிக் கயிறு என்றால் ஐரோப்பியத் தரம் 1891, ஏ வகை. அறுபடும் வலிமை குறைந்தது 22 கிலோநியூட்டன். கராபினருக்குத் தரம் 362, உட்காரும் ஹார்னஸுக்குத் தரம் 813. கராபினரின் வாயில் மூன்று அசைவில் திறப்பதாக இருக்கட்டும், திருகிப் பூட்டும் வகை கிளையில் உரசியே திறந்துகொள்ளும். போலியாகக் குறி பொறித்தவையும் உலவுகின்றன. ஆகவே விற்பவர் யார் என்பதே முதல் கேள்வி.

ஆணிவேர் (ஈப்போ)

வாங்கும் வரிசையை இப்படி வைத்துக்கொள். உன்னிடம் இருக்கும் ஹார்னஸையும் ஹெல்மெட்டையும் முதலில் யாராவது தெரிந்தவர் பார்க்கட்டும். பிறகு 11 முதல் 13 மில்லிமீட்டர் தடிமனில் நீட்சி குறைந்த கயிறு 60 மீட்டர். நீட்சி உள்ள கயிற்றில் கால் மிதித்தால் பாதி உழைப்பு கயிற்றை இழுத்து நீட்டுவதற்கே போய்விடும். எறிகயிறும் 340 கிராம் அளவில் இரண்டு எறிபைகளும். பை ஒன்று மாட்டிக்கொள்ளும், சந்தேகமே வேண்டாம். அப்புறம் ரோப் ரெஞ்சும் அதைப் பிடித்து நிறுத்தும் இணைப்பும், முடிச்சுக்கயிறும். கால் அசெண்டர். முழங்கால் அசெண்டர் கடைசியில். அது இல்லாமலும் ஏறலாம், கால் மட்டும் வலிக்கும்.

தவணையில் வாங்கலாம். ஆனால் வருவதை வருகிற வரிசையில் பயன்படுத்தத் தொடங்காதே. கயிறும் அசெண்டரும் வந்துவிட்டன, இறங்கும் அமைப்பு அடுத்த மாதம் வரும் என்று ஏறிப் பார்க்கும் ஆசை வரும்.

வேம்படி (கோலாகங்சார்)

முள்காலணி பற்றியும் சொல்லிவிடுங்கள், அண்ணன். நிறையக் குத்தகைக்காரர்கள் அதை மாட்டிக்கொண்டு கிளை கழிக்க வருகிறார்கள்.

ஆணிவேர் (ஈப்போ)

அடியோடு இறக்கப்போகும் மரத்துக்கு மட்டும். வாழப்போகும் மரத்தில் ஒவ்வொரு குத்தும் ஒரு காயம். ஒற்றைக்கயிறு கற்க இதுவே ஒரு நல்ல காரணம், மரத்தைத் தொடாமலே உச்சிக்குப் போகலாம்.

லயத்துக்காரன் (பத்து காஜா)

இந்த ஒற்றைக்கயிற்றில் எவ்வளவு உயரம்வரை போவார்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

முசுறு (தைப்பிங்)

ஐயா, சபாவில் டானும் பள்ளத்தாக்கில் மெனாரா என்று பெயர் வைத்த ஒரு மஞ்சள் மெராந்தி மரம் இருக்கிறது. 100.8 மீட்டர். 2019 ஜனவரியில் உண்டிங் ஜாமி என்ற உள்ளூர் மரமேறி உச்சிவரை ஏறி, அளவு நாடாவைத் தொங்கவிட்டு அளந்தார். வானூர்தி லேசர் அளவீட்டில் முதலில் தெரிந்ததை மனிதன் போய் நாடாவால் உறுதிப்படுத்தியது. நம் நாட்டுக்காரர், நம் நாட்டு மரம்.

லயத்துக்காரன் (பத்து காஜா)

அடேயப்பா. தளைநார் பத்தாது, ஒப்புக்கொண்டேன்.

கொம்பேறி (சுங்கை சிப்புட்)

முதலாளியிடம் பேசினேன். வேம்படி அக்கா சொன்ன அபராதத் தொகையைக் கேட்டதும் காப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டார். கயிற்றுக்கு அவர் பணம் தருகிறார், மீதி என் பாடு. சொக்சோவும் பதிந்துவிடுவதாகச் சொன்னார். பதிந்ததற்கான தாளைக் கண்ணால் பார்க்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இனி மூன்றாவது கேள்வி. யார் சொல்லித்தருவார்?

ஆணிவேர் (ஈப்போ)

முறையான பயிற்சி கோலாலம்பூர்ப் பக்கம் கிடைக்கும். மலேசியாவில் மரவளர்ப்பாளர் சங்கம் இருக்கிறது, அவர்களிடம் கேள். அதற்குக் காசு சேர்க்கும்வரை அடிப்படைகளை நான் காட்டுகிறேன். இந்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஈப்போ வந்துவிடு. என் தம்பி வீட்டுக் கொல்லையில் ஒரு மாமரம், முதல் கவட்டை நான்கு மீட்டர் உயரத்தில். அன்றைக்கு முழுவதும் அதற்கு மேல் போகப்போவதில்லை.

என்ன செய்வோம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றம் வேண்டாம். கயிறு போட்டதும் நாம் இருவரும் சேர்ந்து அதில் தொங்கிக் குலுக்குவோம். அடிக்கட்டுக்கு அதுதான் சோதனை. பிறகு தரையிலிருந்து ஒரு முழம் மட்டும் எழும்பி, அமைப்பைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, ஒவ்வொரு கராபினரையும் பூட்டிச் சரிபார்ப்பது. ஏறுவது அரை மணி நேரம். மீதிப் பொழுது முழுவதும் இறங்குவது, பாதியில் மாட்டிக்கொண்டால் விடுபடுவது, கடைசியில் என்னை நீ மேலிருந்து இறக்குவது. நான் மயங்கியவன்போல் தொங்குவேன், உதவி செய்யமாட்டேன். ஹார்னஸில் அசையாமல் தொங்கும் ஆளுக்கு இரத்தம் காலில் தேங்கி உயிராபத்து வரும், ஆகவே இது பிறகு கற்கும் பாடம் இல்லை.

முசுறு (தைப்பிங்)

நானும் வரலாமா? இரண்டாவது கயிறு, எட்டு வடிவ இறக்கி, என் எடை 95 கிலோ. மயங்கியவனாக நடிக்க நான்தான் பொருத்தம்.

ஆணிவேர் (ஈப்போ)

வாருங்கள். கொம்பேறிக்குப் பாடு, எனக்கு ஓய்வு.

வளவன் (கிள்ளான்)

ஞாயிறு எனக்கு வேலை. படம் எடுத்துப் போடுங்கள், குறிப்பாக அடிக்கட்டுப் பூட்டை. எங்கள் முறையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கொம்பேறி (சுங்கை சிப்புட்)

கட்டாயம் வருகிறேன், அண்ணன். சுங்கை சிப்புட்டிலிருந்து முதல் பஸ் பிடித்தால் எட்டுக்குள் வந்துவிடலாம். ஹார்னஸும் பழைய கயிறும் கொண்டுவருகிறேன், பார்த்துச் சொல்லுங்கள். வேறு என்ன எடுத்துவர வேண்டும்?

ஆணிவேர் (ஈப்போ)

கணுக்கால் மூடும் காலணி, கையுறை, இரண்டு போத்தல் தண்ணீர். காலைப் பசியாறல் இங்கேயே ஆகிவிடும். செயின்சாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.